சேகரிப்பு முடிந்த பின் வரும் செய்தியால் ஒரு பிடி அரிசியும் சேராது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற வருடம் ஒக்டோபர் 28ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை, உப்புவெளிப் பக்கத்தில் உள்ள எமது சனசமூக நிலையத்தின் வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். வயது எழுபதுக்குக் குறையாது. தம்பலகாமத்திலிருந்து பஸ் ஏறித் திருகோணமலைப் பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து நிலாவெளி பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். இடுப்போடு அணைத்திருந்த துணிப்பையில் இரண்டு கொத்துச் சிவப்புப் புழுங்கல் அரிசி இருந்தது. கையில் நான்காக மடித்த பத்திரிகைத் துண்டொன்று இருந்தது. அந்தத் துண்டில் எமது உலருணவு சேகரிப்பைப் பற்றிய செய்தி முதல் நாள், அதாவது திங்கட்கிழமை, வெளியாகியிருந்தது. சேகரிப்போ 25ஆம் திகதி சனிக்கிழமை மாலை ஆறு மணியுடன் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பொதிகள் கட்டப்பட்டு உரிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டன. "சனிக்கிழமை எண்டுதான் போட்டுக் கிடக்கு தம்பி, நான் இண்டைக்குக் கிளினிக்குக்கு வந்தனான், அப்பிடியே தந்திட்டுப் போவம் எண்டு நினைச்சன்" என்றார் அவர். சனிக்கிழமை என்று அவர் நினைத்தது முடிந்துபோன சனிக்கிழமையை அல்ல; அடுத்து வரவிருந்த நவம்பர் முதலாம் திகதியை.

அவர் போன பிறகு அந்தச் செய்தியை நான் நிதானமாக வாசித்தேன். "எதிர்வரும் சனிக்கிழமை நடைபெறவுள்ளது" என்றுதான் அதில் இருந்தது. வியாழக்கிழமை மாலை நாங்கள் எழுதிக் கொடுத்த வாசகம், ஓர் எழுத்தும் மாறாமல், திங்கட்கிழமை அச்சேறியிருந்தது. நாங்கள் எழுதியபோது உண்மையாக இருந்த "எதிர்வரும்" என்ற சொல், அச்சில் வந்தபோது பொய்யாகிவிட்டது. நவம்பர் முதலாம் திகதி சனிக்கிழமையும் பூட்டிக் கிடந்த நிலையத்துக்கு ஐந்தாறு பேர் பைகளோடு வந்து திரும்பியதாக எதிர்க் கடைக்காரர் பிறகு சொன்னார். எந்தப் பத்திரிகை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தவறில் பாதி எங்களுடையது. திகதியை இலக்கத்தில் எழுதாமல் விட்டவர்கள் நாங்களே.

தமிழ்ப் பத்திரிகைகளின் பிராந்தியப் பக்கங்களைப் பற்றி ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். உணவுப் பொதி வழங்கப்பட்ட செய்திகள் அப்பக்கங்களில் நிறையவே வருகின்றன. மேசையில் பொதிகள் அடுக்கப்பட்டிருக்கும். பின்னால் பதாகை கட்டப்பட்டிருக்கும். பிரமுகர் ஒருவர் நீட்ட, ஒரு தாய் தலை குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். இந்தப் படங்களுக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு, பொதிக்கு வேண்டிய பொருளைச் சேர்ப்பதற்கான அறிவித்தலுக்கு இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் காலம் கடந்தே கிடைக்கிறது. கொடுத்து முடிந்ததைச் சொல்லும் செய்தி கொடுத்தவருக்குப் பெருமை சேர்க்கும். அரிசி சேர்க்க வேண்டுமானால் செய்தி ஒரு வாரம் முன்னதாக வர வேண்டும்.

எமது சேகரிப்பு பெரிய ஏற்பாடு ஒன்றுமன்று. சனசமூக நிலையத்தினரும் மாதர் சங்கத்தினரும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு தடவை, ஒக்டோபர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி என்று கேட்டு வாங்குகிறோம். சுண்டு என்றால் எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ரின்பால் பேணியால் அளப்பது. நான்கு சுண்டு ஒரு கொத்து. "ஒரு மூடை தாருங்கள்" என்று கேட்டால் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் முன்வரமாட்டார்கள். "ஒரு சுண்டு" என்று கேட்டால், பொதி வாங்குகிற நிலையில் உள்ள வீட்டிலிருந்தும் யாராவது ஒரு சுண்டோடு வருகிறார்கள். முன்னைய காலத்தில் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்துக் கோயிலுக்கோ மடத்துக்கோ கொடுத்த பிடியரிசி வழக்கத்தின் மிச்சம்தான் இது. அந்த வழக்கம் கைவிடப்பட்டாலும் அதன் நினைவு இன்னும் கை விட்டுப் போகவில்லை என்பதை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன்.

ஏன் ஒக்டோபர் என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். சித்திரை முதல் ஆவணி வரை எங்கள் கடல் அமைதியாக இருக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் நிறையும். மீன்பிடிக்கும் கூலி வேலைக்கும் குறைவிராது. வாடைக்காற்று எழுந்து மாரி தொடங்கினால் வள்ளங்கள் கரைக்கு ஏறிவிடும், உல்லாசப் பயணிகளும் தெற்குக் கரையைத் தேடிப் போய்விடுவார்கள். வயற்பக்கம் பார்த்தால், பெரும்போக விதைப்பு முடிந்து அறுவடைக்கு மாசி, பங்குனி வரை காத்திருக்க வேண்டும். நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களும் நாட்கூலிக் குடும்பங்களுக்குக் கடன் மாதங்கள். ஆகவே சேகரிப்பு மாரிக்கு முன்னரே முடிய வேண்டும். மழை தொடங்கிய பிறகு சேர்க்கும் அரிசியும் சீனியும் ஈரம் பிடித்துக் கட்டியாகும் என்பதும் ஒரு காரணம். இந்த விளக்கம் எமது எந்த அறிவித்தலிலும் இதுவரை இடம்பெற்றதில்லை. நன்கொடை கேட்பவன் ஏன் இப்போது கேட்கிறான் என்பதை ஒரு வரியில் சொன்னால் கொடுப்பவரின் மனம் இன்னும் திறக்கும் என்பதைச் சற்றுத் தாமதமாகவே விளங்கிக்கொண்டோம்.

நாங்கள் தொடங்கியது 2022இல். அந்த வருடத்தை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் அவ்வருடம் கணித்தன. பின்னர் 2023 ஜூலையில் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது, பட்டியலில் விடுபட்டு மேன்முறையீடு செய்து காத்திருந்த குடும்பங்கள் எமது சுற்றாடலிலும் இருந்தன. அரச கொடுப்பனவு வந்து சேரும்வரை அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும் என்பதே எமது எண்ணம். அதற்கு மேல் எதையும் நாங்கள் கோரவில்லை.

அந்த முதல் வருடம் நாங்கள் எழுதிய துண்டுப்பிரசுரத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. "பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவுவோம், வாரீர்" என்று பெரிய எழுத்தில் தொடங்கி, மனிதநேயத்தைப் பற்றிப் பத்து வரி எழுதி, கீழே ஏழு பேரின் பெயரைப் பதவிகளோடு போட்டிருந்தோம். என்ன பொருள் வேண்டும், எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இல்லை. விளைவு என்னவென்றால், வந்தவற்றில் பாதி பழைய உடுப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, நிவாரணம் என்ற சொல்லைக் கேட்டால் அலுமாரியைத் திறப்பது எங்கள் கரையோர மக்களின் பழக்கமாகிவிட்டது; அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் நூடில்ஸ் பெட்டி ஒன்றை முழுதாகக் கொண்டுவந்தார். காலாவதியாக ஒன்பது நாளே இருந்தது. உப்பு மட்டும் தாராளமாக வந்தது. விலை குறைந்த பொருளாக இருந்ததே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். பருப்பு ஐந்து கிலோவைத் தாண்டவில்லை.

ஓர் அறிவித்தலை எப்படி எழுத வேண்டும் என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகளிலேயே கற்றுக்கொள்ளலாம். மரண அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். யார், எந்த ஊர், எப்போது காலமானார், கிரியை எத்தனை மணிக்கு, எந்த விலாசத்தில், பூதவுடல் எந்த மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும், யாரோடு தொடர்புகொள்ள வேண்டும் என்ற விவரங்களில் ஒன்றும் அதில் தவறுவதில்லை. வானொலியில் வாசிக்கும் மரண அறிவித்தலைச் சமையலறையில் நின்று அரைகுறையாகக் கேட்ட ஒருவர்கூட, சரியான நேரத்துக்குச் சரியான வீட்டுக்குப் போய்விடுகிறார். நான் முப்பத்து நான்கு வருடம் தபாற் கந்தோரில் வேலை செய்தவன். தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குக் காசு என்பதால் மக்கள் எப்படித் தேவையான சொல்லை மட்டும் வைத்து எழுதினார்கள் என்பதைப் பார்த்தவன். அந்தக் கட்டுப்பாடு போனதும் எங்கள் அறிவித்தல்கள் வீங்கிவிட்டன.

இப்போது எல்லோரும் வட்ஸ்அப்பை நம்புகிறோம். அதன் வேகத்தை மறுப்பதற்கில்லை; ஆயினும் அதிலும் ஒரு கோளாறு உண்டு. 2023இல் எங்கள் இளைஞர் ஒருவர் "நாளை சனிக்கிழமை உலருணவு சேகரிப்பு, அனைவரும் பகிரவும்" என்று ஒரு செய்தியை அனுப்பினார். அனைவரும் பகிர்ந்தார்கள், மாதக்கணக்கில் பகிர்ந்தார்கள். அடுத்த வருடம் தைப் பொங்கலுக்கு முந்திய நாளும் வெளியூரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. திகதியும் வருடமும் இல்லாத செய்தி சாவதே இல்லை. அதற்குப் பின் வருடத்தையும் சேர்த்து எழுதாத எந்தச் செய்தியையும் எமது குழு அனுப்புவதில்லை.

உள்ளூர் விளம்பரத்தில் எமக்கு உண்மையாகக் கைகொடுத்தவை வேறு சில. நவராத்திரியில் திருகோணமலையில் நடைபெறும் கும்ப விழாவைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். கடைசி இரவுகளில் ஊரே கும்பம் பார்க்கத் தெருவில் நிற்கும். எங்கள் அயலில் கும்பம் வைக்கும் இடங்களில் அறிவித்தல் அட்டை ஒன்றை மாட்டவும் ஒலிபெருக்கியில் இரண்டு வரி வாசிக்கவும் இளைஞர்கள் சம்மதித்தார்கள். ஒலிபெருக்கி பூட்டிய முச்சக்கர வண்டியை ஊர் முழுவதும் ஓட விடுவதற்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். கும்பத்தடியில் ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒலிபெருக்கி இருந்ததால் எமக்கு அந்த அலைச்சலும் இல்லாமற் போயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலிலும், ஞாயிறு திருப்பலி முடிவில் தேவாலயத்திலும் அதே இரண்டு வரிகள் வாசிக்கப்பட்டன. சிங்களத்திலும் ஒரு பிரதியை எழுதிச் சந்தைக் கடைகளில் கொடுத்தோம்.

எல்லாவற்றையும்விட வேலை செய்தவர் எங்கள் தெருக்களில் காலையும் மாலையும் இசை போட்டுக்கொண்டு வரும் பாண்காரர்தான். உள்ளங்கையளவு துண்டில் அச்சடித்த அறிவித்தலை ஒவ்வொரு இறாத்தல் பாணோடும் கொடுத்தார். வாங்குகிறவர் படியில் நின்று பாணைக் கையில் வைத்துக்கொண்டே அதை வாசிப்பார், வாசித்த கையோடு "அப்ப பருப்பும் எடுப்பியளோ?" என்று அவரிடமே கேட்பார். மூன்றாம் நாள் பாண்காரர் என்னிடம் வந்து, "ஐயா, எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், காசு தந்தால் எடுப்பியளோ எண்டு, அதையும் துண்டில போடுங்கோ" என்றார். போட்டோம். பணம் வாங்குவதில்லை என்ற அந்த ஒரு வரிதான் எங்கள் மீது இருந்த சந்தேகத்தை நீக்கியது என்று இன்றுவரை நம்புகிறேன்.

இவ்வளவும் இருக்கப் பத்திரிகை எதற்கு என்று கேட்கலாம். கும்பத்தடி அறிவிப்பும் பாண்காரரின் துண்டும் எங்கள் தெருக்களைத் தாண்டா. எமது மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன. மூதூரிலோ கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ உள்ள ஒருவருக்கு உப்புவெளியில் நடப்பது தெரிய வேண்டுமானால் அதைப் பத்திரிகைதான் சொல்ல வேண்டும். இன்னொன்று, நம்பிக்கை. நிவாரணத்தின் பெயரால் ஏமாந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் வருவதைச் சந்தேகிக்கும் அதே மனிதர், "பேப்பரிலை வந்திருக்கு" என்றால் அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். தேநீர்க் கடையிலும் சலூனிலும் சனசமூக நிலையத்திலும் ஒரு பிரதியைப் பலர் வாசிக்கிறார்கள். அச்சு எழுத்துக்கும் பசிப்பிணி போக்குதற்கும் எங்களிடையே உள்ள தொடர்பு நேற்று வந்ததன்று. 1877இல் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்த ஆறுமுக நாவலர், சொந்தமாக அச்சுக்கூடம் நடத்தியவர். ஊராரிடம் பொருள் கேட்கும் வேண்டுகோளை அச்சிட்டும் பரப்பினார்.

அமெரிக்காவில் என் போன்ற தபாற்காரர்கள் செய்துவரும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தொழிற்பாசம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே கடிதம் விநியோகிப்போரின் தொழிற்சங்கம் 1993 முதல் நாடு தழுவிய உணவு சேகரிப்பை நடத்திவருகிறது. நாள், ஒவ்வொரு வருடமும் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. வீட்டார் தகரத்தில் அடைத்த உணவையும் பிற உலருணவையும் பையில் இட்டுத் தபாற்பெட்டியருகே வைத்தால், வழக்கமாகக் கடிதம் கொண்டுவருபவரே அதை எடுத்துச் செல்வார். அறிவித்தல் அட்டையும் முன்கூட்டியே அதே தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். அவர்களுடைய வளமும் வாகனமும் எமக்கு இல்லை. எனினும் நாளை மாற்றாமல் வைத்திருப்பதற்கும், முன்னதாகச் சொல்லிவிடுவதற்கும் பெரிய செலவு இல்லை. நாங்கள் ஒக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை என்று நிலையாக வைத்துக்கொண்டது இதை அறிந்த பிறகுதான்.

இனிப் படத்தைப் பற்றி. 2023இல் சேகரிப்பு முடிந்ததும் செய்தி எழுதிக் கொடுத்தோம். "பொதி வாங்குகிற படம் இருந்தால்தான் போடுவார்கள்" என்று நிருபர் சொன்னார். அவரைக் குறை கூற மாட்டேன். பிரசுரமாகும் செய்திக்கு ஏற்பவே வருமானம் பெறுகிற பகுதிநேர நிருபர் அவர், படம் உள்ள செய்திக்கே இடம் கிடைக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர். நாங்கள் படம் கொடுக்கவில்லை, செய்தியும் வரவில்லை. கொடுக்க மறுத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்திய வருடம் எடுத்த படமொன்றில் ஒரு தாயின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவருடைய மகன் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். பாடசாலையில் யாரோ அந்தப் பத்திரிகையைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒரு கிழமை பாடசாலைக்குப் போகவில்லை. அடுத்த தடவை பொதியைக் கொண்டு போனபோது அந்தத் தாய், "வேண்டாம் அண்ணை, எங்களுக்கு இப்ப பரவாயில்லை" என்று சொல்லிக் கதவோடு நின்றுவிட்டார். பரவாயில்லை என்பது உண்மையன்று என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இப்போது பொதிகளை இருட்டிய பிறகு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கைத்தொலைபேசியைக் கையில் எடுப்பவருக்கு அந்த வேலையில் இடமில்லை. பத்திரிகைக்குப் படம் வேண்டுமென்றால் தருகிறோம்: அரிசி கொட்டிய பெட்டி, தராசு, பைகளோடு வரிசையில் நிற்கும் பாடசாலைப் பிள்ளைகள். பெறுகிறவரின் முகத்தைவிடக் கொடுக்கிறவரின் கையைப் பார்த்தே இன்னொருவர் கொடுக்க வருவார்.

சென்ற நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளத்தில் மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்து மூதூர், வெருகல் பக்கங்கள் மூழ்கியபோது, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வாரி வழங்கினார்கள். அதற்குப் பத்திரிகைகளும் ஒலி, ஒளி ஊடகங்களும் செய்த பணியை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அங்கும் ஒரு பாடசாலையில் நான் கண்டது இது: ஒரே மதியம் மூன்று குழுக்கள் சமைத்த சோற்றுப் பொதிகளோடு வந்து இறங்கின, மாலைக்குள் அவற்றில் பாதி புளித்துப் புதைக்க வேண்டியதாயிற்று. அதே நேரத்தில், மறுநாள் வீடு திரும்பிச் சேறு கழுவ இருந்த குடும்பங்கள் பச்சை அரிசிக்கும், பருப்புக்கும், தீப்பெட்டிக்கும், குழந்தைப் பால்மாவுக்கும் ஆளை அனுப்பி விசாரித்துக்கொண்டிருந்தன. மக்கள் அவதியுறுகிறார்கள் என்ற செய்தி எங்கும் பரவியிருந்தது. இன்று என்ன வேண்டும், எது போதும் என்ற செய்தி எங்கும் இல்லை. ஆபத்துக் காலத்திலேயே இப்படியென்றால், ஆபத்து இல்லாத ஒக்டோபரில் ஒரு சிறிய சேகரிப்புக்கு எவ்வளவு விவரமாக எழுத வேண்டும் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம்.

பத்திரிகையின் சிரமத்தையும் அறியாமல் எழுதவில்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் இந்நாட்டில் இரண்டு நாளேடுகள் அச்சுப் பதிப்பை இடைநிறுத்த நேர்ந்தது. மற்றவை பக்கங்களைக் குறைத்தன. ஒவ்வொரு அங்குலத்துக்கும் விலை உண்டு. எங்களைப் போன்றவர்கள் செய்தி அனுப்பும் விதமும் ஆசிரிய பீடத்துக்குத் தலைவலிதான். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புவோம். அங்கே திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கையால் எழுதியதைக் கோணலாகப் படம் பிடித்து அனுப்புவோம். தொலைபேசி இலக்கத்தில் ஓர் இலக்கத்தை விடுவோம். சனிக்கிழமை நிகழ்வுக்கு வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டுச் சனிக்கிழமைப் பத்திரிகையைப் புரட்டித் தேடுவோம். இவை எல்லாவற்றையும் எமது குழு செய்திருக்கிறது. இப்போது யுனிகோட் எழுத்தில், பத்து நாள் முன்னதாக, பொறுப்பான இருவரின் இலக்கங்களோடு அனுப்புவது என்று தீர்மானித்திருக்கிறோம்.

அதற்கு ஈடாகத் தங்களிடம் கேட்பது இதுதான். பிராந்தியப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமையானால் நல்லது, விரல் நீளத்துக்கு ஒரு பெட்டியை இத்தகைய அறிவித்தல்களுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணம் வேண்டாம், படம் வேண்டாம், அமைப்பாளரின் பெயரும் பட்டமும் வேண்டாம். கிராம உத்தியோகத்தரின் அல்லது ஒரு வணக்கத் தலத்தின் உறுதிப்படுத்தல் இல்லாத எதையும் பிரசுரிக்க வேண்டாம். பணம் கேட்கும் எந்த அறிவித்தலுக்கும் அதில் இடம் தர வேண்டாம். ஆறு வரிக்கு மேல் போனால் வெட்டி விடுங்கள். ஆனால் திகதியையும் நேரத்தையும் மட்டும் வெட்டி விடாதீர்கள். "எதிர்வரும்", "நாளை", "இவ்வாரம்" ஆகிய சொற்கள் எங்கே கண்ணில் பட்டாலும் இலக்கத் திகதியாக மாற்றச் சொல்லி உதவி ஆசிரியர்களிடம் கூறுங்கள். எமது அறிவித்தல் எப்படி இருக்கும் என்பதையும் கீழே தருகிறேன்:

"உலருணவு சேகரிப்பு. 2026 ஒக்டோபர் 31, சனிக்கிழமை, காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, உப்புவெளி சனசமூக நிலையத்தில். அரிசி, பருப்பு, கடலை, சீனி, தேயிலை, பால்மா, ரின் மீன், தேங்காய் எண்ணெய் ஏற்கப்படும். காலாவதித் திகதி 2027 ஜனவரிக்குப் பிந்தியதாக இருத்தல் வேண்டும். சமைத்த உணவு, உடைத்த பொதி, உடுப்பு, பணம் ஏற்கப்படமாட்டா. ஒரு சுண்டு அரிசியும் போதும். வர இயலாதோர் முதல் நாள் தெரிவித்தால் வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்வோம்."

சேகரிப்பு முடிந்த மறுவாரம், எத்தனை கிலோ அரிசி சேர்ந்தது, எத்தனை வீடுகளுக்குப் போனது, எது குறைவாக இருந்தது என்பதை மூன்று வரியில் எழுதி அனுப்புவோம். அதே பெட்டியில் போட்டால் போதும். கொடுத்தவர் கணக்குப் பார்க்க உரிமையுள்ளவர். அடுத்த வருடம் எதைக் கொண்டுவருவது என்பதையும் அவர் அதிலிருந்தே தெரிந்துகொள்வார். மற்ற மாவட்டங்களில் இத்தகைய வேலையில் ஈடுபட்டிருப்போரும் தம் அனுபவத்தைத் தங்கள் பத்திரிகைக்கு எழுதினால், எமக்குத் தெரியாத உபாயங்கள் இன்னும் பல வெளிவரும்.

தம்பலகாமத்து அம்மாவின் அரிசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று அதை வாங்கி, பட்டியலில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய ஒரு வீட்டுக்கு மாலையிலேயே கொடுத்தோம். விலாசத்தைக் கேட்டு எழுதி வைத்திருந்தேன். அவரிடம் வட்ஸ்அப் இல்லை. பத்திரிகையும் அயல் வீட்டில்தான் வாசிக்கிறார். இந்த வருடத்துத் திகதியையும் நேரத்தையும் தபாலட்டையில் எழுதி, அவருக்கு இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்,
உப்புவெளி,
திருகோணமலை.